கம்பெனி பஸ்ஸில் ஒசாகா

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஏறியதுமே
நோட்டும் பேனாவும் எடுத்துவிட்டாள் பவதாரணி.
பதினெட்டாம் தேதி அவளுக்கு விமானம்.
நான் போய் வந்து நான்கு மாதம்.
ஓசூர் வர ஒரு மணி நேரம் இருக்கு, சொல்லு என்கிறாள்,
என்னமோ பேரண்டபள்ளிக்கு அடுத்த ஸ்டாப்
ஒசாகா என்பது போல.

சரி, எழுதிக்கொள்.
டாய்லெட்டுக்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பார்கள்.
அதைப் போட்டுக்கொண்டே சாப்பாட்டு அறைக்கு வந்தவள்
நம் லைனில் ஒருத்திதான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
என் காலைப் பார்க்காமல் இருக்க
பத்துப் பேரும் பட்ட பாடு இருக்கிறதே!

மோச்சி கொடுப்பார்கள்.
பார்த்தால் நம்ம களிக்குச் சித்தி மகள், நிறம் மட்டும் வெளுப்பு.
களி என்று நினைத்து விழுங்கிவிடாதே.
பல் படாமல் களியை இறக்குகிற ஊர்க்காரி நான்,
தொண்டையிலேயே நின்றுவிட்டது.
கண்ணில் நீர் முட்ட, 'ஒய்ஷீ' என்றேன்.
ருசி என்று அர்த்தம்.

சனிக்கிழமை நீ கவுச்சி தொடமாட்டாய்.
மீன் இல்லை என்றுதான் சொல்வார்கள்,
குழம்புத் தண்ணீரில் மீன் இருக்கும்.
பொய் இல்லைடி.
அவர்களுக்கு அது மீன் இல்லை, தண்ணீர்.
புளிக்காய்ச்சல் ஒரு டப்பா எடுத்துக்கொள்,
மூடியை மூன்று கவரில் கட்டு.

குருபரப்பள்ளியில் நாலு பேர் ஏறுகிறார்கள்.
டிரைவர் பாட்டை மாற்றுகிறார்.

ஒசாகாவில் எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்,
டோக்கியோவில் இடப்பக்கம்.
ஏன் என்று கேட்டேன். அவர்களும் யோசித்தார்கள்.
குப்பைத்தொட்டி தேடாதே.
கியோட்டோவில் ஒரு வாழைப்பழத் தோலுக்கு
மூன்று கோயில் சுற்றிக் காட்டினேன்.
நாராவில் மானுக்கு பிஸ்கட் நீட்டினால் தலை குனியும்.
மரியாதைக்கு நானும் குனிந்தேன்.
அதுவும் குனிந்தது. மறுபடி நான்.
ஐந்தாவது தரம் அதற்குப் பொறுமை போய்
துப்பட்டாவைத் தின்ன ஆரம்பித்தது.

புல்லட் ரயிலில்
டிக்கெட் பார்க்கிறவர் பெட்டியைத் தாண்டும் முன்
திரும்பி நின்று வணங்குவார்.
எல்லாரும் தூங்கினாலும் வணங்குவார்.
உள்ளே போ, உள்ளே போ என்று விசிலாலேயே தள்ளுகிற
நம் டவுன் பஸ் கண்டக்டர் ஞாபகம் வந்து
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
அந்தப் பெட்டியில் அது ஒன்றுதான் சத்தம்.

கடையில் காசைக் கையில் கொடுக்காதே.
சின்னத் தட்டு இருக்கும், அதில் வை.
மிச்சமும் தட்டில்தான் வரும்.

சூளகிரி மலை பனியில் பாதி தெரிகிறது.
பவதாரணியின் தலை என் தோளில் சாய்கிறது.
நேற்று டபுள் ஷிப்ட்.
நோட்டில் கடைசி வரி, கோணலாக:
'தட்டில் வை'.

பதினாலு நாள், பவா,
யார் கையும் என் கைமேல் படவில்லை.
இதை எழுதச் சொல்லியிருக்க மாட்டேன்.
பெங்களூரில் இறங்கி
கிருஷ்ணகிரி பஸ்ஸில் இடித்துக்கொண்டு ஏறுகையில்
முன்பின் தெரியாத ஒருத்தி
'கொஞ்சம் புடிங்க' என்று குழந்தையை மடியில் போட்டாள்.
ஓசூர் தாண்டியும் திருப்பிக் கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.

இன்னொன்று.
உமேடா ஸ்டேஷனுக்கு அடியில் மூன்று மணி நேரம்
வழி தெரியாமல் திரிந்தேன்.
எந்தப் படி ஏறினாலும் அதே பேக்கரி.
முதல் ஒரு மணி நேரம் அழுதேன்.
அப்புறம் ஒரு மெலன் பன் வாங்கி
நடந்துகொண்டே தின்றேன்.
இன்னார் மகள் என்று தெரிந்தவர் யாருமில்லை.
ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க
அங்கே யாருக்கும் பாஷை தெரியாது.
வழி கிடைத்தபோது
இன்னொரு சுற்றுக்குத் திரும்பினேன்.

மூடாத பேனாவை அவள் விரலிலிருந்து எடுக்கிறேன்.
சிப்காட் வளைவில் பஸ் குலுங்குகிறது.
அம்மா கோபத்தில் சொல்கிற வார்த்தைதான்,
இருந்தாலும் அந்த மூடிய கண்ணுக்குச் சொல்கிறேன்:
நல்லாத் தொலைஞ்சு போடி.